கையெழுத்துப் போடாத கவர்னர்

போன பொங்கல் லீவுக்குப் பழனி போயிருந்தபோது, பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். தாத்தா விருப்பாச்சி மலைவாழைப்பழ வியாபாரம் பார்த்தவர். அவருடைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவே இரண்டு பழைய ஐந்து ரூபாய் நோட்டுகள் இருந்தன. ஒன்றில் ஐந்தாம் ஜார்ஜ் படம், மேலே ‘கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா’. இன்னொன்றில் ஆறாம் ஜார்ஜ் படம், மேலே ‘ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா’. ராஜா மாறிவிட்டார், நோட்டு வெளியிடும் ஆபீஸும் மாறிவிட்டது. கையெழுத்து மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: ஜே. பி. டெய்லர்.

“அப்ப இவருதான் ரிசர்வ் வங்கிக்கு முதல் கவர்னரா?” என்று பெரியப்பா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஊர் திரும்பிய பிறகு தேடிப் பார்த்தால், நான் சொன்னது தப்பு. டெய்லர் இரண்டாவது கவர்னர். முதல் கவர்னர் சர் ஆஸ்போர்ன் ஸ்மித். இரண்டு வருஷத்துக்கு மேல் பதவியில் இருந்தும், ஒரு நோட்டில்கூட அவர் கையெழுத்து இல்லை. ஏன் இல்லை என்று தேடப்போனதில் வந்ததுதான் இந்தப் பதிவு.

ஸ்மித் அரசு அதிகாரி இல்லை. சுத்தமான வங்கிக்காரர். ஆஸ்திரேலியாவில் பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸில் 20 வருஷத்துக்கு மேல், பிறகு காமன்வெல்த் வங்கியில் 10 வருஷம் வேலை பார்த்தவர். 1926-ல் இம்பீரியல் வங்கியின் மேனேஜிங் கவர்னராக இந்தியா வந்தார். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளையும் 1921-ல் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியதுதான் இம்பீரியல் வங்கி. 1955-ல் ஸ்டேட் பாங்க் ஆனதும் அதுவேதான். ரிசர்வ் வங்கி வருவதற்கு முன்னால் அரசாங்கத்தின் வரவு செலவைப் பார்த்தது இந்த வங்கி. அதை நடத்தியதில் ஸ்மித் நல்ல பெயர் வாங்கினார். அதனால் 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது, முதல் கவர்னர் நாற்காலி அவருக்குப் போனது. அவருக்குக் கீழே டெபுடி கவர்னர்களில் ஒருவர் நம்ம டெய்லர். இவர் ஐ.சி.எஸ். அதிகாரி. நாணயக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் நோட்டில் அவர் கையெழுத்து இருப்பது அதனால்தான். ரிசர்வ் வங்கி மசோதாவைத் தயாரித்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது ரிசர்வ் வங்கி அரசு வங்கி கிடையாது. 5 கோடி ரூபாய் முதல். அதை 100 ரூபாய் பங்குகளாகப் பிரித்துத் தனியாருக்கு விற்றார்கள். அரசியல் தலையீடு இருக்கக்கூடாது என்பதுதான் சொன்ன காரணம். ஆனால் ‘அரசியல்’ என்று லண்டன் பயந்தது, நாளைக்கு அதிகாரத்துக்கு வரப்போகும் இந்திய அரசியல்வாதிகளைத்தான். டெல்லியில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் நிதி உறுப்பினரிடமிருந்து கவர்னரைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தில் வலுவான வேலி எதுவும் இல்லை. கவர்னரை நியமிப்பதே கவர்னர் ஜெனரல்தான். அப்போதைய நிதி உறுப்பினர் சர் ஜேம்ஸ் கிரிக்.

ஸ்மித்துக்கும் அரசுக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் இரண்டு: வட்டி விகிதம், ரூபாயின் மாற்று விகிதம். இரண்டாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1927-லிருந்து ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அரசு நிர்ணயித்திருந்தது. 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும் என்பது இந்திய வியாபாரிகளின் கோரிக்கை. புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ் 1926-லேயே கமிஷனில் மாற்றுக் கருத்து எழுதியிருந்தார்.

வெறும் 2 பென்ஸுக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு பவுன் விலைக்கு நிலக்கடலை வெளிநாடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பென்ஸ் விகிதத்தில் அதற்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை. வித்தியாசம் 1 ரூபாய் 10 அணா 8 பை. அதாவது கையில் வந்திருக்க வேண்டிய பணத்தில் ஒன்பதில் ஒரு பங்கு காணோம். பெருமந்தத்தில் விளைபொருள் விலை ஏற்கனவே படுத்துக் கிடந்த காலம் அது. திண்டுக்கல் சமவெளியில் கடலையும் பருத்தியும் புகையிலையும் போட்டவனுக்கு அந்த ஒன்பதில் ஒரு பங்குதான் வட்டிக்கடைக்காரனுக்குக் கட்ட வேண்டிய காசு.

அரசுக்கு இதில் வேறு கணக்கு. பென்ஷன், கடன் வட்டி என்று வருஷா வருஷம் லண்டனுக்குப் பவுனில் பணம் கட்ட வேண்டும். ரூபாய் மதிப்பு உயரத்தில் இருந்தால், கட்ட வேண்டிய ரூபாய் குறையும். அதனால் 1 ஷில்லிங் 6 பென்ஸை விடவே மாட்டோம் என்று நின்றார்கள். போதாததற்கு, அந்த விகிதத்தையொட்டித்தான் ஸ்டெர்லிங்கை வாங்கி விற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கவர்னர் என்ன நினைத்தாலும் கை கட்டுப்பட்டிருந்தது.

வட்டி விகிதத்தில் மட்டும் ஸ்மித் காலத்தின் தடம் இருக்கிறது. 1935 ஜூலையில் 3.5 சதவீதமாக அறிவித்த வங்கி விகிதம், நவம்பரிலேயே 3 சதவீதமாகக் குறைந்தது. 1951 நவம்பர் வரை 16 வருஷம் அதை யாரும் தொடவில்லை.

கடைசியில் மூன்றரை வருஷப் பதவிக்காலம் முடியும் முன்பே ஸ்மித் ராஜினாமா செய்தார். 1937 ஜூன் 30 அவருடைய கடைசி நாள். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் டெய்லர்.

சரி, கையெழுத்து? ரிசர்வ் வங்கி தன் சொந்த நோட்டு தயாராகும்வரை பழைய அரசு நோட்டையே வெளியிடச் சட்டம் அனுமதித்தது. புது நோட்டில் எட்டாம் எட்வர்டு படம் போடத் திட்டமிட்டார்கள். அவரோ 1936 டிசம்பரில் முடி துறந்துவிட்டார். வேலை தள்ளிப்போனது. முதல் ஐந்து ரூபாய் நோட்டு வெளிவந்தது 1938 ஜனவரியில். அதற்குள் ஸ்மித் போயே போய்விட்டார். ஆக, கையெழுத்து விட்டுப்போனதற்குக் காரணம் ஒரு ராஜாவின் காதல் கல்யாணமும்தான்!

இது ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் சரியாக 20 வருஷம் கழித்து, சுதந்திர இந்தியாவில், இதே காட்சி திரும்ப வந்தது. 1949-ல் வங்கி நாட்டுடைமை ஆகியிருந்தது. நிதியமைச்சர் நம்ம டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கவர்னர் பெனகல் ராமராவ். உண்டியல்களுக்கான முத்திரை வரியை அமைச்சர் உயர்த்தினார். அதன் விளைவு ரிசர்வ் வங்கியின் கடன் விலை ஏறியது. வட்டி என் வேலை என்றார் கவர்னர். நேரு அமைச்சர் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் ராஜினாமா.

கொடி மாறினாலும் கேள்வி மாறவில்லை: வட்டியை முடிவு செய்வது யார்? ஸ்மித்துக்குப் பிறகு கவர்னர் ஆனவர்களில் பெரும்பாலோர் அரசு அதிகாரிகள் அல்லது பொருளாதார நிபுணர்கள். வணிக வங்கியை நடத்திய அனுபவத்தோடு வந்தவர், அலகாபாத் வங்கித் தலைவராக இருந்த அமிதாவ் கோஷ். 1985-ல் அவர் கவர்னராக இருந்தது வெறும் 20 நாள்.

பெரியப்பாவுக்குப் போன் பண்ணித் தப்பைத் திருத்திச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “கல்லாவுல உக்கார வெச்சுட்டு, சாவியை மொதலாளியே வெச்சுக்கிட்டா, அவன் எத்தனை நாளைக்கு உக்காருவான்?”

அந்த இரண்டு நோட்டையும் இப்போது பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.