வாளி முதல் கப்பல் வரை: கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர்க் கணக்கு

மலேசியத் தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் புலம்பெயர்வு, கங்காணி முறை, கூலி, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றையே பெரிதும் எடுத்துக்கொள்கின்றனர். தோட்டக் கம்பெனிகள் தம் சரக்கை எங்கெங்கே நிறுத்தன, எவ்வாறு பதிந்தன, கையிருப்பை எப்படிக் கண்காணித்தன என்பன வணிகவியலாருக்குரியவை என ஒதுக்கப்பட்டுவிட்டன. இப்பாகுபாடு பொருந்தாது என்பதே நம் கருத்து. சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் சரக்குக் கணக்கின் முதல் வரியும் தொழிலாளியின் உழைப்புக் கணக்கும் ஒரே தராசில் எழுதப்பட்டன.

நாளின் முதற்கணக்கு ஆள் கணக்கு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடியோரின் வருகை செக்ரோலில் ஏறியது. இரண்டாவது கணக்கு நண்பகலை ஒட்டிப் பால் நிறுக்கும் கொட்டகையில் நிகழ்ந்தது. வாளியில் வந்த பாலை நிறுத்துக் கிராணி பதிவார். கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் தனியே நிறுக்கப்படும். ஆனால் பாலின் எடை ரப்பரின் எடையன்று. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அதுவும் மரத்தின் வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஆகவே மெட்ரோலாக் எனும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அளவு பார்த்தனர். அல்லது சிறிதளவு பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்து, உலர் எடையைக் கணித்தனர். இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். வாளியின் கனத்தைத் தோளில் சுமந்தவர் அறிவார். தராசின் முள்ளைக் கண்ணால் காணலாம். மெட்ரோலாக்கின் அளவையோ கிராணி மட்டுமே படித்தார். பாலில் நீர் கலந்திருக்குமோ என்ற ஐயம் தொழிலாளியின்மீது விழுந்தது. அளவு சரியாகப் படிக்கப்பட்டதா என்று கேட்க அவரிடம் சான்று ஏதும் இல்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தங்களில் ரப்பர் விலையோடு வெட்டிய பாலின் உலர் எடையும் கூலியைத் தீர்மானிக்கலாயிற்று. அப்போது இவ்வளவின் கனம் மேலும் கூடியது.

கொட்டகைக் கணக்கைத் தொடர்ந்தது ஆலைக் கணக்கு. அமிலமிட்டு உறைந்த பால் தகடாக உருட்டப்பட்டு, புகைக்கூண்டில் சில நாள் கிடந்து, தரம் பிரிக்கப்பட்டு ஸ்டோரை அடைந்தது. வயலேடு காட்டிய உலர் எடைக்கும் ஸ்டோரில் ஏறிய எடைக்கும் பெரும் வேறுபாடு இருப்பின் துரைக்கு விளக்கம் தரவேண்டும். அதன்பின் சரக்கு 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப்படுவதை, நோக்கிச் சென்றது. கம்பெனிகளின் மாத விளைச்சல் சிங்கப்பூர் ஆங்கில நாளேடுகளில் வெளியாயிற்று. இலண்டன் பங்குதாரர் கண்ட அந்த ஒற்றை எண் பல நூறு வாளிகளின் கூட்டுத்தொகையாகும்.

இவ்வேடுகளுக்கு அரசியல் வலிமை வந்தது 1922இல். போருக்குப் பிந்திய விலை வீழ்ச்சியைத் தடுக்க அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920 அக்டோபரில் முடிந்த ஓராண்டு விளைச்சலை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வோர் உற்பத்தியாளருக்கும் ஓர் அளவு வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டையே குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்ய முடிந்தது. ஏற்றுமதி உரிமை கூப்பனாக வழங்கப்பட்டது. கூப்பனின்றித் தகடு துறைமுகத்தைக் கடக்காது. கூப்பனே விலைபெறும் சரக்காகிக் கைமாறியது. 1925இல் ரப்பர் விலை இறாத்தலுக்கு 4 சிலிங்கைத் தாண்டியது. டச்சு இந்தியத் தீவுகள் திட்டத்தில் சேராமையால் அவற்றின் உற்பத்தி பெருகியது. 1928 அக்டோபர் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1934 ஜூனில் தொடங்கிய அனைத்துலக ஒழுங்குமுறை டச்சு அரசையும் சேர்த்துக்கொண்டு, ஏற்றுமதியோடு கையிருப்புக்கும் புதிய நடவுக்கும் வரம்பிட்டது.

பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை ஏடுகளே முடிவு செய்தன. தோட்டக் கம்பெனியிடம் நாள்வாரிப் பதிவு இருந்தது. சில ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரரிடம் அத்தகைய பதிவு இல்லை. அவருடைய விளைச்சல் பிறரால் மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பீடு குறைவாகவே அமைந்தது எனப் பொருளியலறிஞர் பி. டி. பாவர் 1948இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அவ்வாதம் வலிமையானது என்றே நாமும் கருதுகிறோம். கம்பெனிக்கு உரிமையை ஈட்டித்தந்த அப்பதிவைப் பெரும்பகுதி உருவாக்கியவர்கள் பால் வெட்டிய தமிழரே. அவர்கள் கையில் அதன் படி இருக்கவில்லை.

இதே வட்டாரத்தில் வேறொரு கணக்குமுறையும் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் செம்பனையை நட்டார். பத்தாங் பெர்ஜுந்தையை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அடுத்த அத்தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பெயராகவே ஏடுகளில் நிலைத்தது வேறோர் ஆய்வுக்குரியது. புகையிட்ட தகட்டை விலை ஏறும்வரை ஸ்டோரில் வைக்கலாம். செம்பனைக் குலையை அவ்வாறு வைக்க இயலாது. வெட்டிய பழத்தில் கொழுப்பமிலம் விரைந்து ஏறுமாதலால் ஒரு நாளைக்குள் ஆலை சேர்வதே நலம். அங்கே கண்காணிப்பின் மையம் ஸ்டோரிலிருந்து நேரத்துக்கு மாறியது: வெட்டிய குலை எத்தனை, பழுக்காதது எத்தனை, உதிரிப்பழம் எவ்வளவு, வண்டி எப்போது புறப்பட்டது என்பன. பழுக்காத குலையை வெட்டியவருக்குத் தண்டமும் உண்டு.

தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளைப் படிப்போர் பொதுவாகத் தொழிலாளர் துறைத் தாள்களையே தேடுகின்றனர். ரப்பர்க் கட்டுப்பாடு பற்றிய தாள்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். செக்ரோலையும் பால் நிறுத்த ஏட்டையும் ஒரே மாதத்துக்கு அருகருகே வைத்தால், வருகை குறையாதிருக்க உலர் எடை மட்டும் குறைந்த நாள்கள் புலப்படும். அந்நாள்களில் மழை பெய்ததா, மரம் முதிர்ந்ததா, மெட்ரோலாக் தவறாகப் படிக்கப்பட்டதா என்று வினவுவதிலிருந்தே அத்தோட்டத்தின் வரலாற்றைத் தொடங்கலாம்.