ஒரு மணி நேரக் கரண்ட்

பேங்க்காரனுக்கு நரம்பைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? இங்கே பெங்களூரில், மணிக்கட்டில் நரம்பு நசுங்கி (கார்ப்பல் டனல்) விரல் மரத்துப்போன நம்மவர்கள் நாலு பேரையாவது எனக்குத் தெரியும். முற்றினால் ஆபரேஷன்தான். ஆனால் அறுந்த நரம்பிழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதற்குள் கட்டைவிரல் தசை சூம்பிவிடும்.

2000-ல் கனடாவின் டெஸ்ஸா கோர்டன் குழு எலிகளில் பார்த்தது: நொடிக்கு 20 துடிப்பு, ஒரே ஒரு மணி நேரம் கரண்ட் கொடுத்தால் நரம்பு சீக்கிரம் தசையை எட்டுகிறது. வாரக்கணக்கில் கொடுத்தாலும் அதைவிட அதிகப் பலன் இல்லை (வட்டிக் கணக்கு பார்க்கிறவனுக்கு இது ஆச்சரியம்!). 2010-ல் எட்மன்டனில், ஆபரேஷன் முடிந்த கையோடு நோயாளிகளுக்கே கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் கட்டைவிரல் தசைக்கு நரம்பு திரும்பியது. ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு அந்த அளவு இல்லை. 2020-ல் முழங்கை நரம்பிலும் அதே கதை.

ஒன்று கவனியுங்கள். அது நரம்பின் பக்கத்திலேயே கம்பி வைத்து, ஆபரேஷனுக்குப் பின் ஒரே முறை கொடுத்தது. தோல்மேல் பட்டை ஒட்டிப் பத்து சிட்டிங் என்று விற்கிற கரண்ட் வேறு.