அண்டை வீட்டுச் சோறு

வெளிநாடு சென்று உற்றாரைக் கண்டு திரும்புவோர், தாம் பார்த்த கோபுரங்களையும் கடைவீதிகளையும் பற்றிப் பேசுவது வழக்கம். யான் பேசப் புகுவது ஒருவேளைச் சோற்றைப் பற்றி. சோற்றில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று நகைப்போர் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக. அரசர் போரிட்ட களங்களைவிட, மக்கள் உண்ட பந்திகளிலேதான் ஒரு சமூகத்தின் உயர்வும் தாழ்வும் தெளிவாகத் தெரிகின்றன.

என் தமக்கையார் மலையாளக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, கொச்சிக்கு அருகே வைப்பின் தீவிலுள்ள செறாயி என்னும் ஊரில் வாழ்கிறார். தோட்டத்தில் விடுமுறை பெற்று அவரைக் காணச் சென்றிருந்தேன். ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், இடையே தென்னையும் நெல்வயலும். மூன்றாம் நாள் அண்டை வீட்டு அம்மையார் வேலியருகே வந்து, மறுநாள் உச்சிப்பொழுது தம் வீட்டில் உண்ண வேண்டுமென எங்களை அழைத்தார். அவர் புலையர் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதைத் தமக்கையார் பேச்சுவாக்கில் சொன்னார்.

"தம்பி, போவோமல்லவா?" என்று தமக்கையார் கேட்டபொழுது யான் உடனே விடை கூறவில்லை. உண்மையை ஒளிப்பானேன்? சாதி ஒழிக என்று கூட்டங்களில் கைதட்டியவன் யான். ஆயினும் என் உள்ளம் ஒரு கணம் பின்வாங்கிற்று. அந்தப் பின்வாங்கல் எங்கிருந்து வந்தது என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து வீட்டின் பின்புறத்தில், ஓர் ஆணியில், தகரக் குவளையொன்று தொங்கும். வாசல் கூட்டும் பெரியவருக்கு என் பாட்டியார் அதிலேதான் காப்பி ஊற்றுவார். தீபாவளிதோறும் அவருக்குச் சோறும் பலகாரமும் குறைவின்றிக் கொடுப்போம். நாங்கள் தரும சிந்தையுடையோர் என்றே எண்ணியிருந்தோம். அவர் வீட்டில் நாங்கள் ஒருநாளும் கை நனைத்ததில்லை.

நிற்க. அந்தச் செறாயியின் வரலாற்றைக் கேளுங்கள்.

சகோதரன் ஐயப்பன் என்று மலையாள நாடு போற்றும் பெரியார் 1889ஆம் ஆண்டு அவ்வூரிலே பிறந்தவர். ஈழவ வகுப்பினர், பட்டப்படிப்பு முடித்தவர். அக்காலத்தில் ஈழவரைத் தீண்டத்தகாதவர் என்று மேல்சாதியார் விலக்கினர். அவ்வாறு விலக்கப்பட்ட ஈழவரோ, தமக்குக் கீழ்ப்பட்டவரென்று புலையரை விலக்கினர். தன் தலைமேல் மிதிக்கும் காலைக் கண்டு குமுறுகிறவன், தன் காலடியில் கிடப்பவனைக் காண்பதில்லை. இந்த நோயை ஐயப்பன் கண்டார். மேலே இருப்பவனை நோக்கிக் கூவுவதற்குமுன் நம் வீட்டுப் பந்தியைத் திருத்துவோம் என்று துணிந்தார்.

1917ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், செறாயியில், புலையச் சிறுவர் இருவரைத் தம்மவரோடு அமரச் செய்து, அவர்களுடன் தாமும் நண்பர்களும் உண்டனர். மிச்ர போஜனம் என்று அதற்குப் பெயர். விருந்தென்று சொல்லத்தக்க பெரிய சமையல் ஒன்றுமில்லை. சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த கறியுமே. அப்பொழுது ஐயப்பனுக்கு வயது 27.

அவ்வெளிய சோற்றுக்கு எழுந்த எதிர்ப்போ பெரிது. எதிர்த்தவர் மேல்சாதியார் மட்டுமல்லர்; அவருடைய சொந்த வகுப்பாரே கொதித்தெழுந்தனர். உண்டவர்களைச் சாதியிலிருந்து விலக்கினர். ஐயப்பனை நாடு கடத்த வேண்டுமென்று கொச்சி மன்னருக்கு விண்ணப்பம் சென்றது. "புலையன் ஐயப்பன்" என்று அவரை இழித்தனர்; அவரோ அதனைப் பட்டமாகவே ஏற்றார். அவர் ஆசானாகிய நாராயண குரு கைவிடவில்லை. கலந்துண்பதிலும் கலந்து மணப்பதிலும் தீங்கில்லை என்னும் கருத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். விலக்கப்பட்ட ஐயப்பன் 1928இல் கொச்சிச் சட்டசபை உறுப்பினரானார், பின்னர் அமைச்சருமானார். 1968இல் மறைந்தார்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. அத்தீவின் நெல்லுக்குப் பொக்காளி என்று பெயர். உப்பு நீரையும் தாங்கி வளரும் நெல் அது. மழை பெய்து உப்பைக் கழுவியபின் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுத்து, பிறகு அதே வயலில் இறால் வளர்ப்பர். சேற்றில் இறங்கி வரப்புக் கட்டி, நாற்று நட்டு, அறுத்துத் தந்த கைகள் பெரும்பாலும் புலையருடையவை. அவர் கை தொட்ட நெல் அனைவருக்கும் ஆயிற்று. அவர் அருகில் அமர்வது மட்டும் ஆகாததாயிற்று! இதனினும் பெரிய வேடிக்கை உலகில் உண்டோ?

இது மலையாளத்தாரின் குறை மட்டுமன்று. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்டனர் என்பதற்காக 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழ்நாட்டையே கலக்கிற்று. நாட்டு விடுதலைக்கு உயிரைப் பணயம் வைத்த வீரர் நடத்திய நிலையத்திலும் பந்தி இரண்டாக இருந்தது. நம் மலாயாவிலோ? கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தபொழுது, சாதியும் மூட்டையோடு கப்பலேறிற்று. சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்தது. 1938இல் கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது நின்றது. தகரக் குவளை நிற்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது அண்டை வீட்டுக்குச் சென்றோம். பொக்காளி அரிசிச் சோறு, குடம்புளியிட்ட மீன் கறி, தேங்காய் வதக்கிய இறால். அம்மையார் பரிமாறிவிட்டு எங்களோடே அமர்ந்து உண்டார். மலேயாவில் மழை எப்படி, செம்பனை விலை எப்படி, குழந்தைகள் மலையாளம் பேசுவார்களா என்று வினவினார். அவருக்கு அது சரித்திரமன்று. விருந்தினர் வந்த ஒரு பகல், அவ்வளவே. வெட்கப்பட வேண்டியவன் யான் ஒருவனே.

பிறருக்கு உணவளிப்பது எளிது. அதில் கொடுப்பவன் கை மேலேயே இருக்கிறது. பிறர் வீட்டில், அவர் சமைத்ததை, அவர் இட்டபடி உண்பதே அரிது. அங்கேதான் நாம் சமமாகிறோம். செறாயியில் ஐயப்பன் செய்தது அன்னதானமன்று. உடன் அமர்ந்தார் என்பதே அவர் செய்த புரட்சி.

ஊர் திரும்பியபின், வாசல் கூட்டிய அப்பெரியவரின் மகனைத் தேடிச் சென்றேன். பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகளாயின. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று யான் அழைக்கவில்லை. "அண்ணே, உங்கள் வீட்டில் எனக்கு ஒருவேளைச் சோறு உண்டா?" என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்து ஆணியையும் ஒருமுறை பாருங்கள். குவளை போயிருக்கலாம், ஆணி இருக்கிறதா என்று பாருங்கள்.