கடல் தாண்டி வந்த கேப்பை

ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிற கூழ் ஆப்பிரிக்காவில் பிறந்த ஒரு பயிரிலிருந்து வந்தது என்று சொன்னால், தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். கேப்பை என்கிற கேழ்வரகு மட்டுமல்ல, கம்பும் சோளமும்கூட அங்கிருந்து வந்தவையே. சாமையும் வரகும் இந்த மண்ணிலேயே பழகிய தானியங்கள். தினையை முதலில் பயிராக்கியவர்கள் சீனர்கள். கடையில் ‘பாரம்பரியச் சிறுதானியக் கலவை’ என்று விற்கிற பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் இரண்டு கண்டத்து வரலாறு முறத்தில் விழும். வந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டதால் பாரம்பரியம் என்று சொல்வதில் குற்றமில்லை.

எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள்தான் கேழ்வரகின் தாய்வீடு. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு காட்டுப் புல்லை மனிதர்கள் பயிராக்கினார்கள் என்பது பொதுவான கணக்கு. காட்டுப் புல்லுக்கு விதை முற்றியதும் தரையில் உதிர்ந்துவிட வேண்டும்; அதுதான் அதன் பிழைப்பு. உதிராமல் கதிரிலேயே நிற்கிற செடிகளைப் பார்த்துப் பார்த்து அறுத்து, அந்த விதையையே மறுபடி விதைத்தவர்களால் தானியம் உருவானது. இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது. சாலையோரத்தில், விளையாட்டு மைதானத்தின் மூலையில், மிதித்தாலும் சாகாமல் ஐந்தாறு விரல்போலக் கதிர் விரித்து நிற்கிற புல்லைப் பார்த்திருப்பீர்கள். கேழ்வரகின் மரபணுவில் பாதி அந்தப் புல்லின் வம்சத்திலிருந்து வந்தது.

அது எந்தக் கப்பலில், யார் மூட்டையில் இந்தியாவுக்கு வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு இந்தியாவுக்கும் நடுவே அரபிக்கடல் வழியாக ஆளும் பொருளும் போய்வந்தபோது கம்பு, சோளம், தட்டைப்பயறு ஆகியவற்றோடு இதுவும் வந்திருக்கிறது. பழைய அகழாய்வு அறிக்கைகள் சிலவற்றில் கேழ்வரகு என்று பதிவான விதைகள், பிற்பாடு உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது வேறு புல் விதைகள் என்று தெரிந்தன. நம்பத்தகுந்த சான்று என்று ஆய்வாளர்கள் சொல்வது கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் இருக்கிற ஹள்ளூர் அகழாய்வில் கிடைத்ததை. அதை வைத்துப் பார்த்தால் கேழ்வரகு தென்னிந்தியாவுக்கு வந்து மூவாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

வந்த பிறகு அது எங்கெல்லாம் போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தெற்கே கடல் தாண்டி இலங்கையில் குரக்கன் ஆனது. யாழ்ப்பாணத்தில் அதைப் புட்டாக அவிக்கிறார்கள். மராட்டியத்தில் நாச்சணி. ஒடிசாவின் கோராபுட் மலைகளில் மண்டியா. அங்கே பழங்குடி வீடுகளில் வேலைக்குப் போகுமுன் குடிக்கிற கஞ்சி அதுதான். வடக்கே இமயமலைச் சரிவில் குமாவூனுக்கும் நேபாளத்துக்கும் ஏறியது. அது பிறந்த மண்ணான உகாண்டாவில் கேழ்வரகை முளைகட்டிப் புளிக்கவைத்து ‘மல்வா’ என்ற மதுவைக் காய்ச்சுவார்கள். பெரிய பானையை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நீளக் குழலைப் பானைக்குள் விட்டு உறிஞ்சிக் குடிப்பார்கள். நேபாளத்தின் கிழக்கு மலைகளில் லிம்பு மக்கள் அதே தானியத்தைப் புளிக்கவைத்து, ‘தோங்பா’ என்ற மரக்குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு மலைநாட்டார், ஒரே தானியம், கையில் ஒரே மாதிரிக் குழல். தானியத்தின் சக்கை வாயில் வராமல் இருக்க இருவருக்கும் தோன்றிய வழி அதுவாக இருந்திருக்கிறது. நாமும் புளிக்கவைத்தோம், ஆனால் கூழோடு நிறுத்திக்கொண்டோம்.

கேழ்வரகு ஆழமாக வேர் பிடித்தது மைசூர் மேட்டு நிலத்திலும் அதை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி செம்மண்ணிலும்தான். இன்றும் நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. மானாவாரி நிலம், எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாத மழை. இதற்கு நெல் சரிப்படாது. அதைவிட முக்கியம், கேழ்வரகு கெடாது. கடுகை ஒத்த சிறு மணி, இறுகிய தோல், வண்டுக்கு உள்ளே போக இடமில்லை. நன்றாகக் காயவைத்துக் குதிரிலோ மண்ணுக்குள் தோண்டிய குழியிலோ போட்டு மூடினால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தாலும் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். 16ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் கனகதாசர் இதை வைத்தே ‘ராமதான்ய சரிதே’ என்று ஒரு காவியம் எழுதினார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் யார் உயர்ந்தவர் என்று சண்டை. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடுகிறான். நெல் கெட்டுப்போகிறது, கேழ்வரகு அசராமல் வெளியே வருகிறது. நெல் யார் வீட்டு உணவு, கேழ்வரகு யார் வீட்டு உணவு என்பது கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும். ஆட்டிடையர் குலத்தில் வந்த கனகதாசர் தெரிந்தேதான் தீர்ப்பெழுதினார்.

தருமபுரிப் பக்கம் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது சமையல் மட்டுமல்ல, உடம்பு வேலையும்கூட என்று தெரியும். உலை கொதித்ததும் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுவார்கள். பிறகு மாவை மேலே குவியலாகக் கொட்டி, துடுப்புக் கட்டையால் நடுவில் ஒரு குழி குத்தி அப்படியே விட்டுவிட வேண்டும். கொதிநீர் குழி வழியாக ஏறி மாவை வேகவைக்கும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். மாவு வெந்த வாசனை வந்ததும் பானையை இறக்கி, கவைக்குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விலாவும் தோளும் வலிக்கக் கிண்டுவார்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். தண்ணீர் தொட்ட தட்டில் உருட்டி எடுத்தால், தொடுகைக்குக் கீரைக் கடைசலோ கொள்ளோ அவரைக்கொட்டைக் குழம்போ இருக்க வேண்டும். களியும் பயறும் சேர்ந்தது ருசிக்காக மட்டுமல்ல. தானியப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. உழைக்கிற சனம் தட்டிலேயே அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்திருக்கிறது.

கேழ்வரகை ஏன் எப்போதும் மாவாகவே சாப்பிட்டோம் என்று யோசித்ததுண்டா? அதைத் தீட்ட முடியாது. அரிசியில் தவிட்டை உரித்து எடுத்துவிடலாம், உள்ளே கெட்டியான வெள்ளை மணி முழுசாக நிற்கும். கேழ்வரகில் தோல் உள்ளே இருக்கிற மாவுப் பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாவுப் பகுதியோ மென்மையானது. தீட்டப் போனால் மணியே நொறுங்கிவிடும். ஆகவே வேறு வழியில்லாமல் தோலோடு அரைத்தார்கள். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சத்துப்பொருள்களில் பெரும்பகுதியும் அந்தத் தோலிலும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வேகவைத்து உலர்த்தித் தோல் நீக்கும் முறையைக் கண்டுபிடிக்கும்வரை, பணக்காரன் ஏழை என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் முழு தானியம்தான் கிடைத்தது. இன்று அதற்குக் கிடைக்கிற ‘சூப்பர் ஃபுட்’ பட்டத்தில் முக்கால் பங்கு, தீட்டும் இயந்திரத்துக்கு அது அடங்காமல் போனதால் வந்தது என்பேன்.

அப்படிப்பட்டது எப்படி நம் வீட்டைவிட்டுப் போனது? திருகையில் மாவு அரைப்பது பெண்களின் விடியற்காலைத் தண்டனை. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்றிருந்த வீடுகளுக்கு ரேஷன் அரிசி வந்ததும், கேழ்வரகு போனதை யாரும் துக்கமாக நினைக்கவில்லை. நினைக்கவும் தேவையில்லை, பசி தீர்ந்தது. ‘கூழ் குடிக்கிறவன்’ என்ற ஏளனம் தீர்ந்ததும் சேர்ந்தே நடந்தது. இன்று நகரத்தில் உட்கார்ந்து ‘நாம் தவறவிட்ட உணவு’ என்று உருகுகிறவர்கள், அந்தத் திருகையை ஒரு நாள் சுற்றிவிட்டு உருகினால் நல்லது.

எல்லோரும் அரிசிக்கும் கோதுமைக்கும் புது ரகம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், கேழ்வரகைக் கைவிடாமல் இருந்தவர் கர்நாடகத்து மாண்டியாவின் வி.சி. பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சி.எச். லட்சுமணய்யா. கேழ்வரகில் கலப்பினம் செய்வது கண்ணைக் கெடுக்கிற வேலை. பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. கோயம்புத்தூரில் சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் 1930களிலேயே இதற்கு ஒரு சுலப வழியைச் சொல்லியிருந்தார்: இரண்டு செடிகளின் கதிர்களை ஒன்றாகக் கட்டிவிடுவது, தற்செயலாகச் சேர்கிற மகரந்தத்தில் கிடைக்கிற கலப்பை அடுத்த தலைமுறையில் பொறுக்கி எடுப்பது. லட்சுமணய்யா நாட்டு ரகங்களோடு ஆப்பிரிக்க ரகங்களைச் சேர்த்தார். ஆப்பிரிக்கக் கதிர் தடித்தது, தண்டு உறுதியானது, குலைநோயைத் தாங்குவது. ஆனால் விளைய நாளாகும். நம்முடையது சீக்கிரம் விளைவது. 1970களில் வரத் தொடங்கிய அந்த ரகங்களுக்கு ‘இண்டாஃப்’ என்று பெயர். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டும் சேர்ந்த சுருக்கம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவுக்காரர்களுக்கு மறுபடி சம்பந்தம் பேசி முடித்த மாதிரிதான். கன்னட விவசாயிகள் அவரை ‘ராகி லட்சுமணய்யா’ என்றார்கள். அந்த ரகங்கள் வராமல் போயிருந்தால், குறைந்த விளைச்சலுக்கு அலுத்துப்போய் இன்னும் பலர் கேழ்வரகை விட்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் வேலை நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பையூர் நிலையமும், திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் இருக்கிற சிறுதானிய மகத்துவ மையமும் தங்கள் ஊர்ப் பெயரிலேயே ரகங்கள் கொடுத்திருக்கின்றன. 2018இல் மத்திய அரசு சிறுதானியங்களை ‘ஊட்டச்சத்து தானியங்கள்’ என்று பெயர் மாற்றியது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் தொடங்கியது. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதா நெல்லுக்கு 2,369. கனகதாசரின் தீர்ப்பு, விலையிலாவது வந்துவிட்டது.

இனி சத்துக் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10கூட இல்லை. நார்ச்சத்து 11 கிராம். வேறு எந்த அன்றாடத் தானியமும் கால்சியத்தில் இதற்குப் பக்கத்தில் வராது. இதை வைத்து, ‘பாலைவிட மூன்று மடங்கு கால்சியம்’ என்று ஒரு வாக்கியம் வாட்ஸாப்பில் ஓடுகிறது. பொய்யில்லை, ஆனால் கெட்டிக்காரத்தனம். காய்ந்த மாவையும் பெரும்பகுதி தண்ணீராக இருக்கிற பாலையும் தராசில் வைத்தால் அப்படித்தான் வரும். ஒரு சொம்புக் கூழுக்கு 40 கிராம் மாவு என்று வையுங்கள். கால்சியம் 145 மில்லிகிராம். அது ஒரு சின்ன டம்ளர் பாலுக்குச் சமம். அதிலும் கேழ்வரகில் இருக்கிற ஃபைட்டேட்டும் டானினும் தாதுச் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சுகிற கூழ், வெறும் மாவைக் கொதிக்கவைத்த கஞ்சியைவிட மேல் என்று சொல்வது இதனால்தான்.

கைக்குழந்தைக்கு முளைகட்டிய மாவு கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முளைக்கும்போது உண்டாகிற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். அதனால் கெட்டியாகாமலே அதிக மாவைச் சேர்க்கலாம். சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சக்தி போகும். கேழ்வரகைத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சுகிறவர்கள், துணியில் தங்குகிற சக்கையோடு சத்தில் ஒரு பங்கும் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். குழந்தைக்குச் செரிக்கும்வரை அது சரி; ஒரு வயதுக்குப் பிறகும் வடிகட்டிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. நூறு கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல். அரிசியைவிடக் குறைவு என்றாலும் அவ்வளவு ஒன்றும் குறைவில்லை. நைஸாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்தால் இரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறும். அதே மாவை முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டி, பயறோடு அளவாகத் தின்பது வேறு. கேழ்வரகு மருந்து அல்ல, நல்ல சோறு. ‘ராகி பிஸ்கட்’ உறையைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு எண்ணெய், அதற்குக் கீழே நம்ம ஆள் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார். தீட்டும் இயந்திரத்துக்கு மசியாதது பேக்கரி அடுப்பில் தோற்றுவிட்டது.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவு பாக்கெட்டாக வாங்க வேண்டாம். முழு தானியமாக வாங்குங்கள். புடைத்து, கல் அரித்து, கழுவி, வெயிலில் உலர்த்துங்கள். முளைகட்டுவதாக இருந்தால் ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் காயவையுங்கள். பக்கத்து மாவு மில்லில், சலிக்காமல், மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக்காத தானியத்துக்கு அந்தக் கவலையே இல்லை.