திண்ணை முதல் டைரி வரை: வீட்டுப்பாடம் வந்த கதை

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தையின் பையைத் திறந்தால் புத்தகங்களுக்கு நடுவில் ஒரு டைரி இருக்கும். முன்பக்கத்தில் பள்ளி விதிமுறைகள். உள்ளே தேதி வாரியாக வீட்டுப்பாடம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. வகுப்பில் எப்படி இருக்க வேண்டும், வீட்டில் என்ன படிக்க வேண்டும், பள்ளியும் பெற்றோரும் எப்படிப் பேசிக்கொள்வது என்ற மூன்று விஷயமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

டைரி புதிது. ஆனால் இந்த மூன்றும் இங்கே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவைதான்!

மன்றோ எடுத்த கணக்கு

1822-ம் ஆண்டு சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-ல் அவர் தொகுத்துச் சொன்ன கணக்கு இது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பேர்தான். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பதினைந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வீடும் வாத்தியாருக்குத் தெரியும்.

கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளில் பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்ப்பெல் 1823-ல் எழுதியது மிகவும் விரிவானது. (பெல்லாரி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம்.) அதில் வரும் வகுப்பறை விதி ஒன்று சுவாரசியமானது. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் மரியாதையாக சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் பூஜ்யம். அதாவது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி. நான்காமவனுக்கு இரண்டு. அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வொரு அடி கூடிக்கொண்டே போகும். தாமதத்துக்கு வட்டி போடுவது போல!

சோம்பேறிப் பிள்ளைகளுக்குத் தண்டனை இதைவிடக் கடுமை. இரண்டு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் மண்டியிட்டு எழச் சொல்வதும் அந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. தொங்கவிடுவதற்குத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் 'கோதண்டம்' என்று பெயர். பழைய காலம் என்றாலே பொற்காலம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்வது சட்டாம்பிள்ளை. பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கண்டு அந்த முறையைத் தன் இல்லத்தில் புகுத்தினார். அங்கே மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது.

அன்றைய வீட்டுப்பாடம்

1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தன் பள்ளி நாட்களை 'என் சரித்திரம்' நூலில் விவரித்திருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்து அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய வீட்டுப்பாடம் இவ்வளவுதான்.

இந்த வீட்டுப்பாடத்துக்கு நோட்டு வேண்டாம், விளக்கு வேண்டாம். முக்கியமாக, படித்த பெற்றோர் வேண்டாம். எழுத்தே தெரியாத பாட்டிகூட "என்ன பூ சொன்னாரு?" என்று கேட்டு ஞாபகப்படுத்தலாம். எண்சுவடி வாய்ப்பாடும் அப்படித்தான். வாயால் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றுவது. நெல் அளவையும் காசுக் கணக்கும் அதிலேயே வந்துவிடும் என்பதால், வீட்டில் நடக்கும் கொடுக்கல் வாங்கலே பயிற்சியாகிவிடும்.

பெற்றோரோடு உறவும் நேரடியானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நல்ல நாளில் வாத்தியாரையும் மற்ற மாணவர்களையும் பெற்றோர் தங்கள் வீட்டுக்கே அழைப்பார்கள். பிள்ளையார் முன்னால் உட்காரவைத்து, அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பார்கள். வாத்தியாருக்கு வசதிக்கேற்ற காணிக்கை. நவராத்திரி வந்தால் வாத்தியாரும் பிள்ளைகளும் கோலாட்டக் கோல்களோடு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம் இல்லை, பெற்றோர்தான். பிள்ளை படிக்கவில்லை என்றால் திண்ணைக்கே வந்து கேட்பார்கள்.

ஆனால் இந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. மன்றோ கணக்கில் வந்த 1,88,650 பேரில் பெண்கள் வெறும் 4,540. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் மூடியே இருந்தது. பணமில்லாத வீடுகளுக்கும் அதே நிலைதான். ஐரோப்பியத் துணி வந்து நெசவாளர் வருமானம் படுத்ததும், பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேம்ப்பெல்லே எழுதியிருக்கிறார்.

திண்ணையிலிருந்து அரசாங்கத்துக்கு

1854-ன் உட் அறிக்கைக்குப் பிறகு பள்ளிகளுக்கு அரசு மானியம் வரத் தொடங்கியது. 1860-களில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறையும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். அதுவரை பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார் இப்போது இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பாடம் ஓலையிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கு மாறியது. படிக்கத் தெரிந்த பெற்றோர் மட்டுமே வீட்டில் உதவ முடியும் என்ற நிலை இங்கேதான் ஆரம்பம்.

பாதி நாள் பள்ளி

பள்ளி நேரம் போக மீதி நேரம் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஒரு முதலமைச்சரின் பதவியையே ஆட்டியது.

1953-ல் ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். இரண்டு ஷிப்ட். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற பள்ளிகளையும் ஆசிரியர்களையும் வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசின் கணக்கு.

கணக்குச் சரிதான். ஆனால் குயவர் மகன் மாலையில் பானை செய்யவும், சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கவும் பழகினால் அவர்கள் எப்போது வேறு வேலைக்குப் போவது? 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி அதே ஆண்டு மே மாதம் திட்டத்தைக் கைவிட்டது.

அதன் பிறகு காமராஜர் ஆட்சி பெற்றோரோடு பேசிய விதம் வேறு. பசியோடு வரும் பிள்ளைக்கு மதிய உணவு. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் முயற்சியால், ஊர் மக்களே பள்ளிக்குக் கட்டடமும் தளவாடமும் கொடுத்தார்கள். கையெழுத்துக் கூடப் போடத் தெரியாதவர்களும் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

சுமை குறைந்ததா?

பள்ளிகள் பெருகின, தனியார் பள்ளிகளும் பெருகின, கூடவே புத்தகப் பையும் பெருத்தது. 1989-ல் மாநிலங்களவையில் பேசிய எழுத்தாளர் ஆர்.கே.நாராயண், பை தூக்கிக் கூன் விழும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். 1993-ல் யஷ்பால் குழு 'சுமையில்லாக் கல்வி' அறிக்கை கொடுத்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான்.

சட்டம் போட்டாகிவிட்டது. ஆனாலும் டைரியில் கோடு இருக்கிறது. "சார்ட் பேப்பரில் செய்து வரவும்" என்று வந்தால் செய்வது பெரும்பாலும் அம்மாதான். படித்த அம்மா செய்துகொடுத்துவிடுவார். கூலி வேலைக்குப் போய் இரவு திரும்பும் அம்மா என்ன செய்வார்? அவர் பிள்ளைக்கு மறுநாள் காலையில் திட்டு. பெற்றோர் படிக்காதது பிள்ளையின் குற்றமாகிவிடுகிறது. வீட்டுப்பாடத்தில் இருக்கும் உண்மையான சுமை இதுதான், பையின் எடை அல்ல.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021-ல் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கியது. மாலை வேளையில் அந்தந்தத் தெருவில் உள்ள தன்னார்வலர்களே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளைக்குத் தெருவே உதவியது. ஒருவகையில் திண்ணை திரும்பி வந்தது. இந்த முறை கோதண்டம் இல்லை, யாருக்கும் தடையும் இல்லை!

வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருக்கும் வீட்டிலும் இந்தப் பாடத்தைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் கொடுக்கலாம். முடியாது என்றால் அது அந்தப் பிள்ளைக்கான பாடமே இல்லை.