காப்புநகலும் பேரிடர் மீட்பும்: வணிகத் தரவைக் காத்த வரலாறு

கணினியில் உள்ள வணிகத் தரவு அழிந்தால் அதைத் திரும்பப் பெறுவதற்கு இன்று மேகக் கணிமை நிறுவனங்கள் இரண்டு வகைச் சேவைகளை விற்கின்றன. ஒன்று தரவுக் காப்புநகல். அதாவது தரவின் படி ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பது. மற்றொன்று பேரிடர் மீட்பு. தரவோடு அதை இயக்கும் வழங்கிகளையும் மென்பொருளையும் வேறிடத்தில் எழுப்பி, நின்றுபோன வேலையைத் தொடர்வது. விளம்பரங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதால் மாணவர்கள் பலர் இவற்றை ஒன்றென்றே எண்ணுகின்றனர். ஒரு வங்கியின் கணக்குகள் அனைத்தும் எங்கோ பத்திரமாக இருக்கலாம். அவற்றைப் படிக்க ஒரு கணினி இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணம் தர முடியாது. இவ்விரண்டு தொழில்களும் தனித்தனியே தோன்றியவை. அந்த வரலாறு தெரிந்தால் சேவைகளை ஒப்பிடுவது எளிது.

சுரங்கத்தில் தொடங்கிய தொழில்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காளான் வளர்த்துப் பெரும் பொருள் ஈட்டியவர் எர்மன் நாஸ்ட். காளான் வளர்ப்புக்காக 1936-ல் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம் ஒன்றை வாங்கினார். பின்னர் அணுகுண்டு அச்சம் பரவிய காலத்தில், வங்கிகளும் நிறுவனங்களும் தம் ஆவணங்களை வைக்கும் பெட்டகமாக அதை மாற்றி, 1951-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் இயங்கும் அயர்ன் மவுண்டன் அதுதான். அடுத்த ஆண்டே ஐ.பி.எம். காந்த நாடாவைக் கணினியோடு இணைத்து விற்கத் தொடங்கியது. அதன்பின் தாள்களோடு நாடாச் சுருள்களும் லாரியில் ஏறி இத்தகைய பெட்டகங்களுக்குச் சென்றன.

படியை வேறிடத்தில் வைப்பது என்ற பாடம் இங்கே தொடங்குகிறது. நம் பள்ளி அலுவலகங்களில் மதிப்பெண் பதிவேட்டுக்கு இரண்டாம் படி எழுதி, இரண்டையும் ஒரே பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் உண்டு. கறையான் இரண்டையும் சேர்த்தே தின்னும்.

நாடா தரவைக் காத்தது, வேலையைக் காக்கவில்லை. அந்தக் காலப் பெருங்கணினி ஒன்றின் விலை பல இலட்சம் டாலர். அவசரத்துக்கென்று இரண்டாவது கணினியை வாங்கிச் சும்மா வைக்க எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. 1978-ல் பிலடெல்பியா நகரில், பின்னாளில் சன்கார்டு எனப்பட்ட நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. இயங்கத் தயாரான கணினிக்கூடம் ஒன்றை அமைத்து, பல நிறுவனங்களிடம் சந்தா வாங்கியது. யாருடைய கணினிக்கூடம் எரிந்தாலும் அவர் நாடாக்களை எடுத்துக்கொண்டு அங்கே போய் வேலையைத் தொடரலாம். காப்பீடு போன்ற ஏற்பாடு இது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஆபத்து வராது என்ற நம்பிக்கையில்தான் அது ஓடியது.

இந்தத் தொழிலிலிருந்து வந்த இரண்டு அளவுகள் இன்றும் ஒப்பந்தங்களில் உள்ளன. ஆர்.பி.ஓ. என்பது எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கச் சம்மதம் என்பதைச் சொல்லும். ஆர்.டி.ஓ. என்பது எவ்வளவு நேரத்துக்குள் வேலை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். இரவு ஒரு முறை மட்டும் படி எடுக்கும் கடை, மறுநாள் மாலை கணினியை இழந்தால், அன்றைய விற்பனைக் கணக்கு முழுவதும் போய்விடும். அது அதன் ஆர்.பி.ஓ.

இந்த ஏற்பாடுகளுக்குக் கடுமையான சோதனை 2001 செப்டம்பர் 11 அன்று வந்தது. உலக வர்த்தக மையத்தில் இருந்த கேன்டர் பிட்ஸ்ஜெரால்டு நிறுவனம் தன் ஊழியர் 658 பேரை அன்று இழந்தது. இருந்தும் நியூஜெர்சியில் இருந்த மாற்றுக் கணினிக்கூடத்தாலும் லண்டன் அலுவலகத்தாலும், அமெரிக்கப் பத்திரச் சந்தை செப்டம்பர் 13-ல் திறந்தபோது அதன் மின்னணு வர்த்தகம் இயங்கியது. நண்பர்களைப் பறிகொடுத்தவர்களே அந்த வேலையைச் செய்தார்கள் என்பதை நேரக்கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேகத்தின் வருகை

2006 மார்ச் 14-ல் அமேசான் தன் எஸ்3 சேமிப்பகத்தை வெளியிட்டது. வைக்கும் அளவுக்கு மட்டும் மாத வாடகை. நாடா, லாரி, பெட்டகம் எதுவும் வேண்டாம். பேரிடர் மீட்பிலும் இதே மாற்றம் வந்தது. மைக்ரோசாப்டின் அஷூர் சைட் ரெக்கவரி, அமேசானின் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெக்கவரி போன்ற சேவைகளில் தரவு மட்டும் தொடர்ந்து மேகத்துக்குப் படியாகிக்கொண்டிருக்கும். வழங்கிகள் தேவைப்படும்போதுதான் உயிர் பெறும். சும்மா நிற்கும் கணினிக்குக் கொடுக்க வேண்டிய பணம் வெகுவாகக் குறைந்தது. முன்னோடியான சன்கார்டின் மீட்புச் சேவைப் பிரிவு, தனி நிறுவனமாகியிருந்த நிலையில், 2019-லும் 2022-லும் திவால் பாதுகாப்பு கோர நேர்ந்தது.

எஸ்3-ன் உறுதிப்பாட்டை அமேசான் பதினொரு ஒன்பதுகளாகச் சொல்கிறது: 99.999999999 விழுக்காடு. ஒரு கோடிக் கோப்புகளை வைத்தால் சராசரியாக 10,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு கோப்பு தொலையலாம் என்பது அதன் விளக்கம். இந்தக் கணக்கு வட்டுகள் பழுதாவதைப் பற்றியது. தவறான கை ஒன்று அழித்தால் என்ன ஆகும் என்பது இதில் சேராது.

அது 2014 ஜூனில் தெரிந்தது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் நிரல்களைச் சேமித்துத் தரும் தொழில் செய்துவந்தது. அதன் அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றதும், அவன் தரவையும் காப்புநகல்களையும் அழித்தான். 12 மணி நேரத்தில் நிறுவனத்தின் கதை முடிந்தது. படிகள் பல இருந்தும் எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றே.

2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததில் பகைவன் எவனும் இல்லை. களைத்துப்போன பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளத்தைத் துடைக்க எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5. அப்போதுதான் காப்புநகல் சேமிப்பகம் காலியாக இருப்பது தெரிந்தது. படி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல், அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு படிதான் கைகொடுத்தது. கிட்லேப் எதையும் மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது. கணினி பயிலும் மாணவர் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. பயனர் அடையாளங்களைக் காக்கும் அதன் வழங்கிகள் ஏறத்தாழ 150, உலகெங்கும் ஒன்றையொன்று படியெடுத்துக்கொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒன்றாக அழிந்தன. மின்தடையால் அணைந்து கிடந்த கானா நாட்டு வழங்கி மட்டும் தப்பியது. உடனுக்குடன் படியாகும் ஏற்பாடு, அழிவையும் உடனுக்குடன் படியெடுக்கும். பேரிடர் மீட்புச் சேவை வாங்கியவருக்கும் பழைய தேதியிட்ட காப்புநகல் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. காப்புநகலுக்குத் தனியே பணம் கட்டியிருந்த சில வாடிக்கையாளரின் படிகளும் அதே வளாகத்தில் இருந்தன. இதன் தொடர்பான வழக்கு ஒன்றில், 2023-ல் லில் வணிக நீதிமன்றம் வாடிக்கையாளருக்கு ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. மேகம் என்ற பெயர் வானத்தை நினைவூட்டினாலும் தரவு இருப்பது ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு கட்டடத்தில்தான்.

ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவை

ஆகவே விலைப்பட்டியலுக்கு முன் ஊரைக் கேட்க வேண்டும். அஷூருக்கு 2015 முதல் சென்னையிலும் புனேயிலும் மையங்கள் உள்ளன. இடையே ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 முதலும் உள்ளன. ஆனால் படி தானாக அடுத்த ஊருக்குப் போய்விடாது. அந்த வசதியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது திரும்பப் பெறும் நேரம். மிக மலிவான சேமிப்பகங்களில் ஒன்றான அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில், கேட்ட கோப்பு கிடைக்க 12 மணி நேரம் வரை ஆகலாம். இணைய வேகமும் உண்டு. 10 டெராபைட் தரவை 100 மெகாபிட் இணைப்பில் இறக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். மாணவர்கள் இதைத் தாமே பெருக்கி வகுத்துப் பார்க்கலாம். அத்துடன் பெரிய நிறுவனங்கள் பல, தரவை வெளியே எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. உள்ளே அனுப்புவது இலவசம் என்பதை மட்டும் பார்த்து மகிழ்பவர் பலர்.

குறித்த காலம் வரை உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாத பூட்டு உண்டா என்பது மற்றொரு கேள்வி. எஸ்3-ல் 2018 முதல் அந்த வசதி உள்ளது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, எல்லாப் படிகளும் ஒரே நிறுவனத்திடம் இருக்கக் கூடாது என்பது. ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பருக்கு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம், கூகுள் பக்கத்தில் ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால் அதன் தனி மேகம் முழுவதும் அழிந்தது. இரண்டு இடங்களில் இருந்த படிகளும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த காப்புநகல் மீட்புக்கு உதவியது. அப்படியும் உறுப்பினர்கள் ஒரு வாரம் வரை தம் கணக்கைப் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு, 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவ் என்ற மேகச் சேமிப்பகம் எரிந்து, 858 டெராபைட் தரவு போனது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியே படி எடுக்கப்படவில்லை. ஊழியர்கள் தத்தம் கணினியிலும் மின்னஞ்சலிலும் அச்சிட்ட தாள்களிலும் கிடைத்ததைக் கொண்டு கோப்புகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கினர்.