உருகிய பாலிஎத்திலீன் கலவைகளின் பாய்வு

பாலிஎத்திலீன் வகைகள் யாவும் முதன்மையாக எத்திலீன் என்ற ஒரே வாயுவிலிருந்து பிறந்தவை. ஆயினும் உருகிய நிலையில் அவை ஒன்றுபோல் பாய்வதில்லை. சங்கிலி மூலக்கூறின் நீளமும் அதில் கிளைத்திருக்கும் கிளைகளுமே இதற்குக் காரணம். நேர்ச்சங்கிலி வகையில் மூலக்கூறு எடை இருமடங்கானால், மெதுவான பாய்வில் பாகுநிலை ஏறத்தாழ பத்து மடங்காகிறது.

1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில், உயர் அழுத்தச் சோதனையொன்றில் எதிர்பாராமல் கிடைத்தது எல்டிபிஇ எனப்படும் குறையடர்த்தி வகை. அதில் நீண்ட கிளைகள் உண்டு. 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் கண்டறிந்த வினையூக்கி, கிளைகள் மிகக் குறைந்த உயரடர்த்தி வகையான எச்டிபிஇ-க்கு வழி திறந்தது. பின்னர் பரவிய, நேர்ச்சங்கிலிக் குறையடர்த்தி வகையான எல்எல்டிபிஇ-யில் பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன் போன்றவற்றால் அமைந்த குறுங்கிளைகள் உள்ளன.

பாய்வு வேகம் கூடும்போது எல்லா வகைகளின் பாகுநிலையும் குறைகிறது. எல்டிபிஇ-யில் அந்தச் சரிவு செங்குத்தானது. எல்எல்டிபிஇ அவ்வளவு எளிதில் இளகுவதில்லை. எனவே அதைத் தனியே ஓட்டினால், உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் மோட்டார் சுமை ஏறுகிறது, டை எனப்படும் அச்சின் வாயிலிருந்து வெளிவரும் படலத்தின் மேற்பரப்பு சுறாத்தோல்போல் சொரசொரப்பாகிறது. சிறிதளவு எல்டிபிஇ சேர்த்தால் இரண்டும் தணிகின்றன.

கலவையின் உண்மையான பயன் இழுவிசையில்தான் தெரிகிறது. படலம் ஊதும் இயந்திரத்தில், வட்ட டையிலிருந்து எழும் உருகிய குழாய் காற்றால் குமிழாக விரிந்தபடியே மேல்நோக்கி இழுபடுகிறது. நீண்ட கிளைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், இழுக்க இழுக்க எல்டிபிஇ இறுகுகிறது. மெலிந்த இடம் மேலும் மெலியாமல் தாங்குகிறது. எல்எல்டிபிஇ-யில் இந்த இறுக்கம் மிகக் குறைவு. குமிழ் எளிதில் ஆட்டம் காண்கிறது. எல்டிபிஇ-யின் பங்கு பத்து முதல் முப்பது விழுக்காடாக இருந்தாலே குமிழ் நிலைகொள்கிறது. ஆனால் அந்தப் பங்கு கூடினால், ஓட்டத் திசையில் படலத்தின் கிழிவுத் தாங்குதிறன் குறைகிறது.

கூறுகளின் பாகுநிலை மடக்கைகளை எடை விகிதப்படி கூட்டிக் கலவையின் பாகுநிலையைக் கணிப்பது வழக்கம். எச்டிபிஇ, எல்எல்டிபிஇ கலவைகள் பெரும்பாலும் இதற்கு இணங்குகின்றன. எல்டிபிஇ, எல்எல்டிபிஇ கலவைகளோ பல வேளைகளில் கணிப்பைவிடக் கூடுதலான பாகுநிலை காட்டுகின்றன, மெதுவான பாய்வில் குறிப்பாக. கூறுகள் முழுமையாகக் கலவாமல் நுண்துளிகளாகப் பிரிந்திருப்பது இதற்குரிய விளக்கங்களில் ஒன்று. இரண்டின் அடர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் உருகலில் ஏறக்குறைய சமம் என்பதால், நுண்ணோக்கியால் இதை உறுதிப்படுத்துவது கடினம். ஆகவே கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் ஏற்றிய சங்கிலிகளைக் கொண்டு நியூட்ரான் சிதறல் ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது.

வணிகத்தில் புழங்கும் எம்எஃப்ஐ என்ற உருகு பாய்வுக் குறியீடு, 190 பாகை செல்சியசில் 2.16 கிலோ எடையின்கீழ் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரே எம்எஃப்ஐ கொண்ட இரு கலவைகள் குமிழில் முற்றிலும் மாறுபடலாம். கலவையைத் தேர்பவர் நுண்குழல் பாய்வு வரைகோட்டையும் இழுவைச் சோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.